உண்மையைச் சொல்வதானால்

கிரிம்ஸ்பியில், மீன் தொழிற்சாலைக்கு எதிரே
காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில்
ஜன்னல் விளிம்பில் கிடந்தது. இருபது பென்ஸ்.
அட்டையில் ஒரு மாளிகை, பனி, ஒற்றை விளக்கு.
உள்ளே ஒரு கர்னல்
ஏழாம் பக்கத்திலேயே இறந்திருந்தார்.

இறந்தார் அல்ல,
இறந்திருந்தார்.
அதற்கே எனக்கு இரண்டு இரவு பிடித்தது.
முடிந்துபோன ஒன்றுக்கு முன்னால்
முடிந்துபோன இன்னொன்று.
கதவைத் திறந்தபோது தேநீர் ஆறியிருந்தது,
கணப்பு அணைந்திருந்தது,
யாரோ வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.
குற்றமெல்லாம் அந்தச் சின்ன 'ஹேட்'டுக்குள்
மூச்சடக்கி நின்றது.

அகராதி கைப்பேசியில், கைப்பேசி லாக்கரில்.
அதனால் மணிக்கட்டில் நீல மையில் எழுதிக்கொண்டு போவேன்:
பட்லர், அலிபி, இன்க்வெஸ்ட்.
மேலே கையுறை. அதன் மேலே
ஹேடாக் மீன், ஐஸ், ஹேடாக் மீன்.
இடைவேளையில் கழற்றிப் பார்த்தால்
உப்புநீர் தின்றது போக மிச்சம் இருப்பதுதான்
அன்றைக்கு என் ஆங்கிலம்.

"பேருந்தில் யார் உன்னிடம் அலிபி கேட்கப்போகிறார்கள்?"
ஸ்கைஸ்தே சிரித்தாள். மேல் கட்டில் அவளுடையது.
கேட்கவில்லைதான்.
ஆனால் ரொட்டிக் கடையில் ஒருநாள்
"தங்களைத் தொந்தரவு செய்ய நேர்ந்ததற்கு வருந்துகிறேன், மேடம்" என்றேன்.
அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ஒரு பன் அதிகம் வைத்தாள்.

பொறுமை கிடையாது எனக்கு.
நாற்பதாம் பக்கத்தில் நின்றவள்
கடைசி அத்தியாயத்துக்குத் தாவிவிட்டேன்.
கொன்றது டாக்டர்.
ஸ்கைஸ்தே தலையில் அடித்துக்கொண்டாள்:
"சொல்லாதே, எனக்குச் சொல்லாதே!
இனி எதற்கு நீ அதைப் படிக்கிறாய்?"

இனிதான் படிக்கத் தொடங்கினேன்.
டாக்டர் வாய் திறந்த இடமெல்லாம் பென்சில் கோடு.
பொய் எப்படி நடக்கிறது இவர்கள் மொழியில்?
ஓடுவதில்லை.
தொப்பியைக் கழற்றுகிறது, காலநிலை விசாரிக்கிறது,
பிறகுதான் உள்ளே வருகிறது.
"எனக்கு நினைவிருக்கும் வரையில்" என்கிறார்.
"யாரையும் குறை சொல்வதற்கில்லை, ஆனால்" என்கிறார்.
"உண்மையைச் சொல்வதானால்"
பதினோரு இடத்தில். எண்ணினேன்.
பதினொன்றிலும் அது இல்லை.

பனேவெஷிஸ் பள்ளியில் எங்களுக்குத் தந்தது
டாம் என்கிற பையனின் ஆங்கிலம்.
டாம் ஆப்பிள் தின்றான். டாம் நீந்தினான்.
டாமிடம் மறைக்க ஒன்றும் இல்லை.
டாமை வைத்துக்கொண்டு
இந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாது.

மார்ச் மாதச் சம்பளச் சீட்டில்
ஒன்பது மணி நேரத்தைக் காணோம்.
ரத்தக் கறை இல்லை, உடைந்த பூட்டு இல்லை.
மேற்பார்வையாளர் ஹோல்டன் கண்ணாடியைத் துடைத்தார்,
மழை விடுவதாக இல்லை என்றார்,
பிறகு
"உண்மையைச் சொல்வதானால், டாங்குவோலே..."

அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் கேட்கவில்லை.
அட்டைப்படத்துப் பனி அலுவலகத்தில் பெய்யத் தொடங்கியிருந்தது.

புத்தகத்தின் பின்னால் ஒரு வெற்றுத்தாள்,
அதில் என் நேரமெல்லாம் பென்சிலில் இருக்கிறது.
விரித்து வைத்தேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும்.
"பதினான்காம் தேதி இரவு, இரண்டு மணிக்கு
நான் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தேன்.
நீங்கள் அதற்கு முன்பே
வீட்டுக்குப் போயிருந்தீர்கள்."

கண்ணாடி துடைக்கும் துணி நின்றது.

ஆறு மணி நேரம் ஏப்ரலில் திரும்பி வந்தது.
மூன்று இன்னும் துப்புத் துலங்கவில்லை.
கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புத்தகம் இப்போது மேல் கட்டிலில்.
ஸ்கைஸ்தே முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்கிறாள்.
டாக்டர்தான் எவ்வளவு நல்ல மனிதர் என்கிறாள்.
கோடு போட்ட இடங்கள் அவர் சொன்ன அழகான வரிகளாம்.
நேற்றிரவு தலையைக் கீழே தொங்கவிட்டுக் கேட்டாள்,
"அவருக்கு ஒன்றும் ஆகாதே?"

ஆங்கிலத்திலேயே சொன்னேன்:
"உண்மையைச் சொல்வதானால்,
எனக்கு மறந்துவிட்டது."